வேங்கட எல்லை – 19: சிம்லாக் கோப்பும் சித்தூர்க் கூலியும்

1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டம் பிறந்தது. மே 23 முதல் ஜூன் 20 வரை லண்டனில் பேரரசு மாநாடு நடந்தது. ஜூலை 1 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவது நின்றது. மூன்றும் மூன்று மாதத்துக்குள். புது மாவட்டத்துக்குப் பதிவேடுகளைப் பிரித்துக்கொண்டிருந்த கச்சேரி குமாஸ்தாக்களுக்கு மற்ற இரண்டும் தங்கள் ஜில்லா சமாச்சாரம் என்று தோன்றியிருக்காது. தோன்றியிருக்க வேண்டும்.

மாவட்டம் எப்படிப் பிரிந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வட ஆற்காட்டிலிருந்து சித்தூர், பலமநேர், சந்திரகிரி தாலுக்காக்களும் காளஹஸ்தி, கார்வேட்டிநகரம், புங்கனூர் ஜமீன் பகுதிகளும் வந்தன. கடப்பையிலிருந்து மதனப்பள்ளியும் வாயல்பாடும் வந்தன. திருப்பதி சந்திரகிரி தாலுக்காவோடு சேர்ந்தே வந்தது. அதுவரை வட ஆற்காட்டுக்குத் தலைநகராக இருந்த சித்தூர் புது மாவட்டத்தின் தலைநகரானது. வட ஆற்காட்டுக் கச்சேரி வேலூருக்குப் போயிற்று. ஆகவே 1911க்கு முந்தைய எந்த அரசுக் காகிதத்திலும் சித்தூர்க்காரர், திருப்பதிக்காரர், காளஹஸ்திக்காரர் எல்லாரும் 'வட ஆற்காடு ஜில்லா'தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். கட்டுரையின் கடைசியில் தேவைப்படும்.

நேட்டாலுக்கு முதல் கப்பல் 'ட்ரூரோ' 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பி நவம்பர் 16 அன்று டர்பனில் நங்கூரமிட்டது. அதில் 342 பேர். அன்று தொடங்கி 1911 வரை போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள், மீதிப் பேர் கல்கத்தா வழியாக. சென்னை வழியாகப் போனவர்களை ஜில்லாவாரியாகப் பிரித்துப் பார்த்தால் வட ஆற்காடு முன்வரிசையில் நிற்கிறது.

இடையில் சில ஆண்டுகள் ஆள் அனுப்புவது நின்றிருந்தது. ஒப்பந்தம் முடிந்து 1871இல் 'ரெட் ரைடிங் ஹூட்' கப்பலில் திரும்பிய சென்னைக் கூலிகள், சொன்ன பணம் வரவில்லை, அடி வாங்கினோம் என்று துறைமுகத்திலேயே முறையிட்டார்கள். இந்திய அரசு கதவைத் திறக்க மறுத்தது. நேட்டால் அரசு பதறிப்போய் விசாரணைக் குழு அமைத்துச் சட்டத்தைத் திருத்தியது. 1874இல் கதவு மறுபடி திறந்தது. இந்தச் சின்ன நிகழ்ச்சியைக் கவனியுங்கள். நேட்டாலின் கரும்புத் தோட்ட முதலாளிக்கு ஆள் வேண்டும். ஆள் கொடுக்காதே என்று சொல்லும் அதிகாரம் இந்தியாவில் இருந்தது. அதைக் காட்டியவுடன் நேட்டால் இறங்கி வந்தது. பின்னால் நடந்த எல்லா மாநாடுகளையும் இந்த ஒரு அளவுகோலால் அளக்கலாம்.

1874இல் கதவு திறந்தது, 1876இல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. வட ஆற்காடும் கடப்பையும் பஞ்சம் கடுமையாக அடித்த ஜில்லாக்களில் சேர்ந்தவை. ஏரி காய்ந்தது, மாடு செத்தது, கூலிவேலை இல்லை. சந்தையிலும் சத்திரத்திலும் ரயிலடியிலும் யாத்திரிகர் கூடுமிடத்திலும் ஆள்பிடிப்பவர்கள் நின்றார்கள். வட ஆற்காட்டுக்காரனுக்குச் சென்னை தூரமில்லை. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856இலேயே ரயில் போட்டாயிற்று. கம்மாளன், வன்னியன், ரெட்டி, பறையர், நாயுடு என்று சாதிப் பட்டியல் நீளமானது. தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் பேசிய மக்கள் அவர்கள். கப்பலில் ஏறும்போது எந்த மொழிக்காரன் என்று கேட்டிருந்தால் பலருக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்காது.

ஏறிய ஒவ்வொருவருக்கும் ஒரு எண். எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், தாலுக்கா, ஜில்லா, உடம்பில் உள்ள அங்க அடையாளம். அந்தப் பட்டியல்கள் இன்றும் தென்னாப்பிரிக்காவில் பத்திரமாக இருக்கின்றன. கூலி முதல் வருஷம் மாதத்துக்குப் பத்து ஷில்லிங். வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். ஐந்து வருஷ ஒப்பந்தம். 1895இல் நேட்டால் ஒரு சட்டம் செய்தது. ஒப்பந்தம் முடிந்தபின் ஊருக்கும் திரும்பாமல், மறு ஒப்பந்தத்திலும் சேராமல் தங்குகிறவன் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும். மூன்று பவுன் என்றால் அறுபது ஷில்லிங். முதல் வருஷக் கணக்கில் ஆறு மாதக் கூலி. ஆண்பிள்ளைக்கு 16 வயதும் பெண்பிள்ளைக்கு 13 வயதும் ஆனால் அவர்கள் தலையிலும் அதே வரி. இருபத்தைந்து பவுன் கேட்ட நேட்டாலிடம் பேரம் பேசி மூன்றாகக் குறைத்து ஒப்புதல் கொடுத்தது வைசிராய் எல்கின் அரசு. ஒப்புதல் கொடுத்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

இத்தனைக்கு நடுவிலும் அவர்கள் பெருமாளை விடவில்லை. இன்றைக்கும் டர்பனில் புரட்டாசி மாதம் கவுச்சி தொடாத குடும்பங்கள் ஏராளம். சனிக்கிழமை விரதம், நாமம், கோவிந்தா கோஷம் எல்லாம் உண்டு. ஏழுமலையான் சன்னிதியைக் கண்ணால் பார்த்தே இராத நான்காம் ஐந்தாம் தலைமுறை.

இனி மாநாட்டுக்கு வருவோம்.

பிரிட்டிஷ் பேரரசின் தன்னாட்சி நாடுகள் லண்டனில் கூடிப் பேசும் வழக்கம் 1887இல் விக்டோரியா ராணியின் பொன்விழாவோடு தொடங்கியது. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பின்னர் தென்னாப்பிரிக்கா எல்லாரும் பிரதமரை அனுப்புவார்கள். 1907இல் இதற்குப் பேரரசு மாநாடு என்ற பெயரும் ஒழுங்கான விதிகளும் வந்தன. விதிப்படி உறுப்பினர் என்றால் பிரிட்டனும் டொமினியன்கள் எனப்பட்ட இந்தத் தன்னாட்சி நாடுகளும்தான். பேரரசின் ஜனத்தொகையில் பெரும்பங்கு கொண்ட இந்தியாவுக்கு இடமில்லை. 1907 மாநாட்டில் இந்தியாவின் சார்பில் உட்கார்ந்தவர் சர் ஜேம்ஸ் மக்கே. பின்னாளில் இஞ்ச்கேப் பிரபு ஆன கப்பல் முதலாளி. மக்கின்னன் மக்கன்சி கம்பெனியின் பங்காளி. சென்னையிலிருந்து ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கூலிகளைச் சுமந்த பிரிட்டிஷ் இந்தியா கப்பல்களை நிர்வகித்த கம்பெனி அது. கூலிகளின் நாட்டுக்காகப் பேச, கூலிகளிடம் டிக்கெட் காசு வாங்கியவர். இதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

1911 மாநாட்டில் இந்தியாவுக்காகப் பேசியவர் இந்தியா மந்திரி குரூ பிரபு. அந்த மாநாட்டுக்காக லண்டன் இந்தியா ஆபீஸ் ஒரு நீண்ட குறிப்பைத் தயாரித்தது. தன்னாட்சி நாடுகளில் வாழும் இந்தியர்களின் நிலைமை பற்றியது. எந்த நாட்டில் என்ன சட்டம், எங்கே வாக்கு இல்லை, எங்கே வியாபார லைசென்ஸ் மறுக்கப்படுகிறது என்ற விவரமெல்லாம் அதில் இருந்தது. குறிப்பு என்ற அளவில் நேர்மையான வேலை. அதை வைத்துக்கொண்டு குரூ பிரபு டொமினியன் பிரதமர்களிடம் கெஞ்சினார் என்றுதான் சொல்ல வேண்டும். உங்கள் நாட்டுக்குள் யாரை விடுவது என்பது உங்கள் உரிமை, ஆனால் வந்துவிட்டவர்களைக் கொஞ்சம் மரியாதையாக நடத்துங்கள் என்ற தொனி. தென்னாப்பிரிக்கப் பிரதமர் லூயி போத்தா அந்த அறையில் இருந்தார். மூன்று பவுன் வரி அப்படியே இருந்தது.

வரி போனது 1914இல். அதற்கு மாநாடு காரணமில்லை. 1913இல் நேட்டால் நிலக்கரிச் சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் ஆயிரக்கணக்கான ஒப்பந்தக் கூலிகள் வேலையை நிறுத்திவிட்டு நடந்தார்கள். சிறைக்குப் போனார்கள், சுட்டுக் கொல்லப்பட்டார்கள். காந்தியோடு தென்னாப்பிரிக்க மந்திரி ஸ்மட்ஸ் உடன்பாட்டுக்கு வந்தார். அதில் வட ஆற்காட்டுக்காரர்கள் எத்தனை பேர் என்று யாரும் தனியாக எண்ணி வைக்கவில்லை.

1910 பிப்ரவரியில் கோகலே மத்திய சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானத்தால்தான் நேட்டாலுக்குக் கூலி அனுப்புவது நின்றது. சரியான முடிவு, வேண்டிய முடிவு. ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு, அதைச் சொல்லாமல் போக முடியாது. 1871இல் நேட்டாலை இறங்கி வரவைத்த ஆயுதம் இதுதான். 1911இல் அதை ஒரேயடியாகப் பயன்படுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு 1917இல்தான் பேரரசு மாநாட்டில் இந்தியாவுக்கு நாற்காலி கிடைத்தது. நாற்காலி வந்தபோது கையில் கொடுக்கவும் எடுக்கவும் ஒன்றுமில்லை. அடிமை வியாபாரத்துக்குச் சற்றே மேலான ஒன்றைப் பேரம் பேசுவதற்காக நீட்டித்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிப்பட்ட பேரத்தைச் செய்ய வேண்டிய நாற்பது வருஷம் கல்கத்தாவிலும் சிம்லாவிலும் உட்கார்ந்திருந்தவர்கள் செய்யவில்லை என்கிறேன்.

1915 செப்டம்பர் 22 அன்று மத்திய சட்டசபையில் முகமது ஷாஃபி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அடுத்த பேரரசு மாநாட்டில் இந்தியாவுக்கும் அதிகாரபூர்வமான இடம் வேண்டும் என்பது கோரிக்கை. வைசிராய் ஹார்டிஞ்ச் ஏற்றுக்கொண்டார். ஐரோப்பாவில் யுத்தம் உச்சத்தில் இருந்தது. இந்தியச் சிப்பாய்கள் பிரான்ஸிலும் மெசபடோமியாவிலும் செத்துக்கொண்டிருந்தார்கள். மறுத்திருந்தால்தான் ஆச்சரியம்.

1917 மார்ச்சில் கூடிய பேரரசு யுத்த மாநாட்டுக்கு இந்தியா மூவரை அனுப்பியது. பிகானீர் மகாராஜா கங்கா சிங், ஐக்கிய மாகாண லெப்டினன்ட் கவர்னர் ஜேம்ஸ் மெஸ்டன், வங்காளத்து சத்தியேந்திர பிரசன்ன சின்ஹா. ஒரு ராஜா, ஒரு ஐ.சி.எஸ்., ஒரு வக்கீல். மூவரையும் நியமித்தது அரசு, தேர்ந்தெடுத்தது ஜனங்கள் அல்ல. மூவருக்கும் மேலே இந்தியா மந்திரி ஆஸ்டின் சேம்பர்லேன். டொமினியன் பிரதமர் தன் பார்லிமெண்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். இந்தியப் பிரதிநிதி இந்தியா மந்திரிக்குப் பதில் சொல்ல வேண்டியவர். ஒரே மேசையில் இரண்டு விதமான மனிதர்கள்.

இந்த மாநாட்டுக்கான ஆயத்தத்தில்தான் இந்திய அரசின் புத்தி கொஞ்சம் வேலை செய்தது. அன்று வெளிநாட்டு இந்தியர் விவகாரம் வணிக–தொழில் துறையின் கையில் இருந்தது. பிரதிநிதிகள் கையில் கொண்டுபோன குறிப்பு பழைய புலம்பலாக இல்லை. குடியேற்றத்தை இரண்டாகப் பிரித்தார்கள். நிரந்தரமாகத் தங்கப் போகிறவன் வேறு. படிக்க, வியாபாரம் பேச, சுற்றிப் பார்க்க வருகிறவன் வேறு. முதல் வகையைத் தடுக்க உங்களுக்கு உரிமை இருக்கட்டும். இரண்டாம் வகையை ஏன் தடுக்கிறீர்கள்? பேரரசுக்கு வெளியே இருக்கிற ஜப்பான்காரனை விட, பேரரசுக்காகச் சாகிற இந்தியனை ஏன் கீழாக நடத்துகிறீர்கள்? உங்கள் ஆள் எங்கள் நாட்டுக்கு வருவதை நாங்களும் அதே மாதிரி தடுக்கலாமா? கடைசிக் கேள்விக்குப் பரஸ்பர நடத்தை என்று பெயர். மாநாடு அதைக் கொள்கையளவில் ஏற்றது. டொமினியன்களைப் பேரரசுக் கூட்டமைப்பின் தன்னாட்சி நாடுகள் என்றும் இந்தியாவை அதன் முக்கியப் பகுதி என்றும் அங்கீகரித்த தீர்மானமும் அங்கேதான் நிறைவேறியது. வருங்கால மாநாடுகளில் இந்தியாவுக்கு முழு இடம் என்பதும் முடிவாயிற்று.

1918 ஜூலையில் இதையே விரித்துத் தீர்மானம் போட்டார்கள். ஒவ்வொரு நாடும் தன் ஜனத்தொகை எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கலாம். தற்காலிகமாக வருகிறவர்களை அனுமதிக்க வேண்டும். ஏற்கெனவே குடியிருக்கிற இந்தியன் ஒரு மனைவியையும் அவள் பெற்ற சிறு பிள்ளைகளையும் வரவழைத்துக்கொள்ளலாம். மற்ற குறைபாடுகளைச் சீக்கிரம் பரிசீலிக்க வேண்டும். குடியேறும் உரிமையையே விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று இதைத் திட்டியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. புதிதாகப் போவது எப்படியும் நின்றுவிட்டது; அங்கே இருக்கிற லட்சம் சொச்சம் பேரைக் காப்பாற்ற வேண்டிய நேரம் அது. இல்லாத உரிமையை விட்டுக்கொடுத்து இருக்கிற மனிதர்களைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தார்கள். கணக்கு சரிதான். எதிராளி தென்னாப்பிரிக்கா என்பதுதான் சிக்கல்.

★

1921 மாநாட்டுக்கு அனுப்பப்பட்டவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. ஏழைப் புரோகிதர் வீட்டுப் பிள்ளை, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியராக இருந்தவர், கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்து 1915இல் கோகலே மறைந்தபின் அதன் தலைவரானவர். கூடப் போனவர் கட்ச் மகாராவ். தலைமை, இந்தியா மந்திரி மாண்டேகு. சாஸ்திரியாருக்குச் செயலாளர் முப்பது வயது ஐ.சி.எஸ். இளைஞர் கிரிஜா சங்கர் பாஜ்பாய். பின்னாளில் சுதந்திர இந்தியாவின் வெளியுறவுத் துறையில் முதல் செக்ரட்டரி ஜெனரல் ஆனவர் இவர்தான்.

நேரம் சரியில்லை. நாடு முழுக்க ஒத்துழையாமை கொழுந்துவிட்டு எரிகிறது. ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. இப்போது அரசாங்கத்தின் நியமனத்தில் லண்டன் போகிற மிதவாதியைச் சொந்த நாட்டிலேயே எவரும் மெச்சவில்லை. சட்டசபைகளைப் பகிஷ்கரித்த காங்கிரஸ்காரர்களுக்கு அவர் அரசாங்கத்து ஆள். இப்போது தென்னாப்பிரிக்கப் பிரதமராக லண்டனில் அமர்ந்திருந்த ஸ்மட்ஸுக்கு அவர் கலகக்காரர்களின் நாட்டிலிருந்து வந்த இனிமையான பேச்சாளர். இரண்டு பக்கமும் இடி.

அவர் கொண்டுபோன கோப்பில் 1917, 1918 தீர்மானங்கள் இருந்தன. அவற்றில் எதை எந்த டொமினியன் செய்தது, செய்யவில்லை என்ற கணக்கு இருந்தது. சாஸ்திரியார் அதிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். புதிதாக ஒருவரையும் உள்ளே விடச் சொல்லவில்லை. சட்டப்படி குடியிருக்கிறவனுக்குக் குடியுரிமை கொடு என்றார். பேரரசில் சமமான உறுப்பினர் என்று இந்தியாவை ஏற்றுக்கொண்டீர்கள். அதே பேரரசின் இன்னொரு மூலையில் இந்தியன் குடிமகன் இல்லை என்கிறீர்கள். இரண்டும் எப்படிப் பொருந்தும்? இதுதான் வாதத்தின் சாரம்.

மாநாடு ஒப்புக்கொண்டது. சமத்துவத்துக்கும் இந்தக் குறைபாடுகளுக்கும் பொருத்தமில்லை என்று தீர்மானத்தில் எழுதினார்கள். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எல்லாம் சரி என்றன. ஸ்மட்ஸ் மட்டும் முடியாது என்றார். என் நாட்டில் பெரும்பான்மை கறுப்பர்கள். இந்தியனுக்கு வாக்குக் கொடுத்தால் நாளைக்கு அவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் அடிநாதம். கள்ளமில்லாமல் சொன்னார் என்ற ஒன்றுக்காக அவரைப் பாராட்டலாம். ஆக, யாருக்காகத் தீர்மானம் போட்டார்களோ அவர்களில் பெரும்பகுதியினர் வாழும் நாட்டைத் தவிர மற்ற எல்லா நாட்டுக்கும் அது பொருந்தும். இந்தியப் பிரதிநிதிகள் ஆழ்ந்த கவலையைத் தெரிவித்தார்கள் என்றும், இரு அரசுகளும் நேரடியாகப் பேசி வழி காண வேண்டும் என்றும் கீழே ஒரு குறிப்பு.

சாஸ்திரியாருக்குப் புகழ் கிடைத்தது. லண்டன் மாநகரத்தின் கௌரவம், பிரிவி கவுன்சில் பதவி, ஜெனீவாவில் சர்வதேச சங்கக் கூட்டம், வாஷிங்டன் கடற்படை மாநாடு. 1922இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா நாடுகளில் சுற்றுப்பயணம் செய்தார். 1925இல் ஆஸ்திரேலியா தன் நாட்டில் குடியிருந்த இந்தியர்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. அங்கே இருந்தவர்களோ சில ஆயிரம் பேர். நேட்டாலில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த சித்தூர்க்காரனுக்கு ஒன்றும் வரவில்லை.

1923 மாநாட்டைச் சீக்கிரம் கடந்துவிடலாம். தேஜ் பகதூர் சப்ரூ போனார், ஆல்வார் மகாராஜா போனார். ஒவ்வொரு டொமினியனும் இந்தியாவோடு தனித்தனியே குழு அமைத்துப் பேசலாம் என்றார் சப்ரூ. மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஸ்மட்ஸ் மறுத்தார். மூன்று மாதம் முன்னால்தான் கென்ய மேட்டுநிலம் வெள்ளையருக்கே என்று லண்டன் முடிவு செய்திருந்தது. தாய்நாட்டு அரசே அப்படிச் செய்யும்போது தென்னாப்பிரிக்காவை யார் கேட்பது? அடுத்த ஆண்டு இந்திய சட்டசபை பரஸ்பர நடத்தைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. உங்கள் நாட்டில் எங்களுக்கு என்ன தடையோ, எங்கள் நாட்டில் உங்களுக்கும் அதே தடை. ஆனால் மதனப்பள்ளிச் சந்தையில் கடை போட எந்தத் தென்னாப்பிரிக்க வெள்ளையன் காத்துக்கொண்டிருந்தான்?

★

காட்சி மாறுவது 1925இல். தென்னாப்பிரிக்க உள்துறை மந்திரி மலான், இந்தியர்கள் வசிக்கவும் வியாபாரம் செய்யவும் தனி எல்லை வகுக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். பேரரசு மாநாட்டை நம்பிப் பயனில்லை என்று அப்போதுதான் டில்லிக்கு உறைத்தது. வெளிநாட்டு இந்தியர் விவகாரம் அப்போது கல்வி, சுகாதாரம், நிலம் துறைக்கு மாறியிருந்தது. அதன் பொறுப்பில் வைசிராய் நிர்வாக சபையில் இருந்தவர் சர் முகமது ஹபிபுல்லா. நம்ம பக்கத்து ஆள். வேலூரில் வக்கீல் தொழில் செய்து, வேலூர் நகராட்சித் தலைவராக இருந்து மேலே போனவர்.

முதலில் ஒரு தூதுக்குழு போனது. தலைவர் சென்னை மாகாணத் தொழிலாளர் கமிஷனர் ஜார்ஜ் பாடிசன். தாழ்த்தப்பட்ட மக்களுக்கு மனைக்கட்டும் கிணறும் தேடித் தருவது அந்தக் கமிஷனர் அலுவலகத்தின் வேலை. நேட்டாலுக்குப் போனவர்களில் பலர் எந்தச் சேரியிலிருந்து, எந்தக் காரணத்தால் போனார்கள் என்பதைத் தன் அலுவலக அனுபவத்தில் அறிந்த ஒருவரை இந்திய அரசு முதன்முதலாக அனுப்பியது. அறுபத்தைந்து வருஷத்தில் முதல் முறை.

1926 அக்டோபர்–நவம்பரில் லண்டனில் பேரரசு மாநாடு கூடியபோது டொமினியன்கள் ஒன்றுக்கொன்று சமமான தன்னாட்சி நாடுகள் என்று பால்ஃபர் அறிக்கை பிரகடனம் செய்தது. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. தென்னாப்பிரிக்க இந்தியர் விவகாரத்தை, தனியே பேச்சு நடக்கப்போகிறது என்பதால், அங்கே கிளறவில்லை. அந்தத் தனிப் பேச்சு டிசம்பர் 17 அன்று கேப்டவுனில் தொடங்கியது. இந்தியக் குழுவின் தலைவர் ஹபிபுல்லா. உடன் சாஸ்திரியார், பாடிசன், கார்பெட், பிரோஸ் சேத்னா, டார்சி லிண்ட்சே. செயலாளர் மறுபடியும் பாஜ்பாய். லண்டனில் பத்தாண்டு தீர்மானம் போட்டுச் சாதிக்காததை இவர்கள் நான்கு வாரத்தில் ஓரளவு சாதித்தார்கள். மலான் மசோதா கைவிடப்பட்டது. தங்கியிருக்கிற இந்தியரின் கல்வியையும் வாழ்க்கையையும் மேம்படுத்துவோம் என்று தென்னாப்பிரிக்கா எழுதிக் கொடுத்தது. இந்திய அரசின் ஏஜென்ட் ஒருவர் அங்கே இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. முதல் ஏஜென்டாக 1927 ஜூனில் சாஸ்திரியாரே போனார். டர்பனில் அவர் பெயரால் உள்ள பள்ளி அந்தக் காலத்து நன்கொடையில் எழுந்தது; 1929இல் திறந்தார்கள்.

இதற்குக் கொடுத்த விலைதான் நம் மாவட்டத்தை நேராகத் தொட்டது. ஊர் திரும்பச் சம்மதிக்கிற ஒவ்வொரு பெரியவருக்கும் இருபது பவுன், குழந்தைக்குப் பத்துப் பவுன், கப்பல் செலவு இலவசம். சென்னையில் இறங்கியதும் இந்திய அரசின் அதிகாரி வரவேற்று, பணத்தைப் பத்திரமாகக் கொடுத்து, சொந்த ஊருக்கு ரயிலேற்றி அனுப்புவார். மூன்று வருஷத்துக்குள் மனம் மாறினால் பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டுத் திரும்பலாம். காகிதத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது.

பிரச்சினை ரயிலடிக்கு அப்பால். கரும்புத் தோட்டத்துப் பாரக்கில் பிறந்தவனுக்குத் தகப்பன் பிறந்த ஊர் பட்டியலில் ஒரு பெயர்தான். எந்தச் சாதியில் பெண் எடுத்தாய் என்று ஊர் கேட்கும். கப்பலில் எல்லாரோடும் சாப்பிட்டவன் என்று பந்தியில் ஒதுக்கும். பங்காளிகள் நிலத்தைப் பிரித்துக்கொண்டு நாற்பது வருஷம் ஆகியிருக்கும். கொண்டுவந்த பவுன் கரைந்ததும் வேலை தேடிச் சென்னைக்கே ஓடியவர்கள், மலேயாவுக்குக் கப்பல் ஏறியவர்கள், கல்கத்தாவின் மட்டியாபுருஜ் சேரியில் அடுத்த கப்பலை எதிர்பார்த்துக் கிடந்தவர்கள் உண்டு. பவானி தயாள் சந்நியாசியும் பனாரசிதாஸ் சதுர்வேதியும் 1931இல் இந்தத் திரும்பியோர் நிலைமையை நேரில் விசாரித்து அறிக்கை வெளியிட்டார்கள். திட்டம் தோற்றுவிட்டது என்பது அதைப் படித்த எவருக்கும் தெரியும். 1932இல் இரண்டாம் முறை கேப்டவுனில் கூடியபோது இரு அரசுகளும் அதை ஒப்புக்கொண்டன: அங்குள்ள இந்தியரில் நூற்றுக்கு 80 பேர் அங்கேயே பிறந்தவர்கள், இனி அனுப்ப ஆள் இல்லை.

1907 முதல் 1926 வரை எத்தனையோ மாநாட்டுக்குக் கோப்பு தயாரித்தார்கள். நான் பார்த்த வரையில் எந்த ஆயத்தத்திலும் செய்யாத ஒரு வேலை உண்டு: போனவனையோ திரும்பியவனையோ கூப்பிட்டு, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்பது. 1871இல் துறைமுகத்தில் முறையிட்ட கூலிகளை விசாரித்ததுதான் உருப்படியான ஒரே ஆயத்தம். அதற்குப் பலனும் இருந்தது.

பேரரசு மாநாடு பின்பு காமன்வெல்த் மாநாடாயிற்று. 1961 மார்ச்சில் லண்டனில் கூடிய பிரதமர்கள் இனஒதுக்கலைக் கண்டித்துக் கேள்வி கேட்க, தென்னாப்பிரிக்கா தன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று மே 31 அன்று காமன்வெல்த்தை விட்டு வெளியேறியது. அப்போது டில்லியில் மக்களவைச் சபாநாயகராக இருந்தவர் திருச்சானூரில் பிறந்து சித்தூர் கோர்ட்டில் வக்கீலாக இருந்த அனந்தசயனம் ஐயங்கார். அவருடைய தொகுதி சித்தூர்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். தென்னாப்பிரிக்காவிலிருந்து முன்னோர் ஊரைத் தேடி வருகிறவர்கள் இப்போது அதிகம். அவர்கள் கையில் இருக்கும் கப்பல் பட்டியல் நகலில் 'வட ஆற்காடு' என்றுதான் இருக்கும். நேரே வேலூருக்கும் திருவண்ணாமலைக்கும் போய் அலைகிறார்கள். யாராவது உங்களிடம் வழி கேட்டால் தாலுக்கா பெயரைப் படித்துப் பாருங்கள். சந்திரகிரி, பலமநேர், காளஹஸ்தி, புங்கனூர் என்று இருந்தால் ஆந்திரப் பக்கம் அனுப்பி வையுங்கள்.

(தொடரும்)